புதிய மலிவு விலைக் கைக்கணினி: டெல்டா மாவட்டங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடியில் கணினியும் கைபேசியும் விற்று, பழுதும் பார்த்துத் தரும் கடை ஒன்றை நடத்திவருகிறேன். பதினைந்தாயிரம் ரூபாய்க்குள் புதிய கைக்கணினி வரப்போகிறது என்று ஏதேனும் ஒரு நிறுவனம் அறிவித்துவிட்டால், அடுத்த பத்து நாட்களுக்குக் கடைக்கு வருவோரும் தொலைபேசியில் அழைப்போரும் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவே நின்றுகொண்டு அவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்ல முடிவதில்லை என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன். நானும் ஒரு விற்பனையாளன்தான். கருவி விற்றால் எனக்கு வருமானம் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டே இதைப் படியுங்கள்.

கேள்வி: கைக்கணினி என்பதும் டேப் என்பதும் ஒன்றுதானா? எந்த விலை வரை மலிவு விலை என்று கொள்ளலாம்?

ஒன்றுதான். அரசு அறிவிப்புகளில் கைக்கணினி என்று எழுதுகிறார்கள்; கடைத்தெருவில் டேப் என்றால்தான் எடுத்துக் காட்டுவார்கள். இந்தப் பக்கத்தில் எட்டாயிரம் முதல் பதினைந்தாயிரம் ரூபாய் வரையிலான கருவிகளையே மலிவு விலை என்று குறிப்பிடுகிறேன். அதற்கும் கீழே, நான்காயிரம் ஐந்தாயிரத்துக்குப் பெயர் தெரியாத நிறுவனங்களின் கருவிகள் கிடைக்கின்றன. அவற்றில் பின்புறமோ பெட்டியிலோ இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும், ஆர் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். கைக்கணினிகளுக்கு அந்தப் பதிவு இந்தியாவில் கட்டாயம். எண் இல்லையென்றால் மேற்கொண்டு விலை பேச வேண்டாம்.

கேள்வி: "இத்தனை லட்சம் பேர் முன்பதிவு செய்துவிட்டார்கள்" என்று விளம்பரம் வருகிறது. அவ்வளவு பேர் வாங்குகிறார்கள் என்றால் பொருள் நன்றாகத்தானே இருக்கும்?

முன்பதிவு நடக்கும் நாளில் அந்தப் பொருளை யாரும் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே அந்த எண்ணிக்கை மக்களுடைய ஆவலின் அளவைச் சொல்லுமே தவிர, பொருளின் தரத்தைப் பற்றியோ கிடங்கில் உள்ள சரக்கைப் பற்றியோ எதையும் சொல்லாது. இதற்கு நம் நாட்டிலேயே பெரிய முன்னுதாரணம் ஆகாஷ்.

2010 ஜூலையில் அன்றைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சர் கபில் சிபல், 35 டாலருக்கு, அதாவது அன்றைய மதிப்பில் சுமார் 1,500 ரூபாய்க்கு, மாணவர்களுக்கான கைக்கணினி ஒன்றின் முன்மாதிரியைக் காட்டினார். 2011 அக்டோபர் 5 அன்று ஆகாஷ் என்ற பெயரில் அது புதுதில்லியில் அறிமுகமானது. தயாரித்துத் தந்தது டேட்டாவிண்ட் நிறுவனம். திட்டத்தின் பொறுப்பு ராஜஸ்தான் ஐஐடியிடம் இருந்தது. ஏழு அங்குலத் திரை, 366 மெகாஹெர்ட்ஸ் புராசசர், 256 எம்பி ராம் (கருவி இயங்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம்), ஆண்ட்ராய்டு 2.2 என்பவை அதன் உள்ளடக்கம். 35 டாலர் என்று தொடங்கிய பேச்சு, அரசுக்கு வழங்கும் விலை சுமார் 2,250 ரூபாய் என்பதில் வந்து நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் பொதுமக்களுக்கு 2,500 ரூபாய் விலையில் இணையத்தில் முன்பதிவு திறக்கப்பட்டபோது, இரண்டு வாரங்களில் 14 லட்சம் பதிவுகள் வந்துவிட்டதாக நிறுவனம் தெரிவித்தது. உலகப் பத்திரிகைகள் பலவற்றிலும் அந்த எண் வெளியானது.

ஆனால் அரசு முதலில் கேட்டிருந்தது ஒரு லட்சம் கருவிகள் மட்டுமே. அந்த ஒரு லட்சத்தை வழங்குவதிலேயே, எந்த அளவுகோலின்படி கருவியைச் சோதிப்பது என்பது பற்றி நிறுவனத்துக்கும் ராஜஸ்தான் ஐஐடிக்கும் பிணக்கு ஏற்பட்டது. திட்டம் பின்னர் மும்பை ஐஐடிக்கு மாற்றப்பட்டு, 2012 நவம்பர் 11 அன்று குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி ஆகாஷ் 2 கருவியை வெளியிட்டார். அதில் புராசசரின் வேகமும் ராமின் அளவும் கூடியிருந்தன. நகத்தால் அழுத்த வேண்டியிருந்த பழைய தொடுதிரைக்குப் பதிலாக விரல் பட்டாலே இயங்கும் திரை இருந்தது. முதல் கருவியில் என்ன குறை இருந்தது என்பதற்கு இந்த மாற்றங்களே சான்று. 14 லட்சம் பேர் பதிவு செய்தது அந்தக் குறைகள் உள்ள முதல் தலைமுறைக் கருவியின் பெயரைக் கேட்டுத்தான்.

கேள்வி: அப்படியென்றால் அந்தத் தேவையே பொய்யா?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மலிவு விலையில் படிக்கும் கருவி ஒன்று வேண்டும் என்ற தேவை அன்றும் உண்மை, இன்றும் உண்மை. எங்கள் பகுதியில் நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரே ஒரு ஸ்மார்ட்போன் இருக்கும். அது காலையில் அப்பாவோடு வயலுக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளையின் கைக்கு வரும். அந்தப் பிள்ளைக்குக் கைக்கணினி ஆடம்பரப் பொருள் ஆகாது.

பொய்யாவது, அந்தத் தேவையைக் கணக்கிட்டுக் காட்டும் முறைதான். எச்.பி. நிறுவனம் 2011 ஜூலையில் டச்பேட் என்ற கைக்கணினியை 499 டாலருக்கு அமெரிக்காவில் இறக்கியது, வாங்க ஆளில்லை. ஏழு வாரங்களில் உற்பத்தியையே நிறுத்துவதாக அறிவித்து, மிச்சச் சரக்கை 99 டாலருக்குத் தள்ளியபோது, அந்த வார இறுதிக்குள் பெரும்பாலான கடைகளில் தீர்ந்துபோனது. கருவி அதேதான்; இனி அதற்கு எதிர்காலம் இல்லை என்று செய்த நிறுவனமே சொன்ன பிறகும் மக்கள் வரிசையில் நின்றார்கள். விலை ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், பொருளைப் பற்றிய மற்றக் கேள்விகளை மனம் ஒத்திப்போட்டுவிடுகிறது. மலிவு விலைக் கருவிகளின் விளம்பரம் முழுவதும் இந்த ஒன்றை நம்பித்தான் கட்டப்படுகிறது.

விலை நம்ப முடியாத அளவுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 பிப்ரவரியில் வந்த ஃப்ரீடம் 251 கைபேசியை நினைவூட்டினால் போதும். 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என்ற முழுப்பக்க விளம்பரத்தைப் பார்த்து நாடே பதிவு செய்யப் பாய்ந்ததில் இணையதளம் முடங்கியது. உறுதியளித்தபடி அந்தக் கைபேசி மக்கள் கைக்கு வந்து சேரவில்லை.

கேள்வி: "சில விநாடிகளில் விற்றுத் தீர்ந்தது" என்பது உண்மையாக இருக்குமா?

உண்மையாகவே இருக்கலாம். எத்தனை கருவிகள் விற்பனைக்கு வைக்கப்பட்டன என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அந்த உண்மைக்குப் பொருள் உண்டு. 2014இல் ஷியோமி நிறுவனம் எம்ஐ 3 கைபேசியை இணையத்தில் இப்படி விற்றபோது, சரக்கு விநாடிக் கணக்கில் தீர்ந்தது செய்தியானது. அந்தச் செய்தியே அடுத்த வாரத்து விற்பனைக்கு விளம்பரமும் ஆனது. அதன்பின் பல நிறுவனங்கள் இந்த வழியைப் பின்பற்றின. சரக்கைச் சிறுகச் சிறுக அவிழ்ப்பதால் கிடங்குச் செலவு குறைகிறது என்ற நியாயமான காரணமும் அவர்களுக்கு உண்டு. ஆனால் "இன்னும் மூன்று மட்டுமே உள்ளன" என்று பொய்யாக அவசரம் காட்டுவதை, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், தடைசெய்யப்பட்ட 13 ஏமாற்று முறைகளில் முதலாவதாகவே குறிப்பிடுகின்றன.

கேள்வி: விளம்பரத்தில் 9,999 ரூபாய். வாங்கப் போனால் ஏன் கூடுதலாகிறது?

9,999 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சிறு நட்சத்திரக் குறி இருக்கும். அதன் பொருள் பெரும்பாலும் இதுதான்: குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டு இருந்தால், அறிமுக நாட்களுக்குள் வாங்கினால், பழைய கருவி ஒன்றைக் கொடுத்தால் இந்த விலை. எங்கள் ஊர்ப்பக்கத்தில் பெரும்பாலானோருக்குச் சம்பளக் கணக்கே கிடையாது. கூட்டுறவு வங்கியிலோ தேசிய வங்கியிலோ சேமிப்புக் கணக்கும் ஏடிஎம் அட்டையும் இருக்கும். ஆகவே விளம்பர விலை நகரத்து அட்டைதாரருக்கு உரியது. நமக்கு உரியது அதற்கு மேலே அடித்துக் காட்டப்படும் விலை. அதையே உங்கள் விலையாக வைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். கைக்கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலையில் அது அடங்கிவிடும். பில் போடும்போது "ஜிஎஸ்டி தனி" என்று யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 9,999 ரூபாய்க் கருவியில் சுமார் 1,525 ரூபாய் வரியாகவே போகிறது.

வட்டியில்லாத் தவணை என்பதிலும் கவனம் வேண்டும். சுழிய வட்டி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013இலேயே வங்கிகளுக்கு எழுதித் தெளிவுபடுத்தியது. வட்டிக்குச் சமமான தொகையை முதலில் விலையில் குறைத்துக் காட்டிப் பிறகு வட்டியாக வாங்குகிறார்கள்; அல்லது மொத்தமாகப் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடியைத் தவணைக்காரருக்கு மறுத்துவிடுகிறார்கள். கிரெடிட் கார்டுத் தவணையில் அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், செயலாக்கக் கட்டணமும் சேரும். கடையில் உட்கார்ந்திருக்கும் பைனான்ஸ்காரரிடம் "எல்லாத் தவணையும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டு, அந்த எண்ணைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: டெல்டாவில் எந்த மாதத்தில் கைக்கணினிக்குத் தேவை கூடுகிறது? நிறுவனங்கள் அதற்கேற்பத்தான் அறிமுகம் செய்கின்றனவா?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்ற சிறு கடைக்காரர்கள். ஆனால் வாங்குவோருக்கும் இது தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பள்ளி, கல்லூரி திறப்பது ஜூனில். பிளஸ் ஒன் சேரும் பிள்ளைக்கும் கல்லூரியில் முதலாண்டு சேரும் பிள்ளைக்கும் கருவி தேவைப்படுவது அப்போதுதான். அதே ஜூன் 12 அன்றுதான் வழக்கப்படி மேட்டூர் அணை திறப்பு. தண்ணீர் கடைமடை வந்து சேர்வதற்குள் விதை, உழவு, நடவுக் கூலி என்று குறுவை நெல் பயிருக்காகக் கையிலிருப்பது எல்லாம் கரைந்திருக்கும். குறுவை அறுவடையாகி நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறுவது செப்டம்பர், அக்டோபரில். அடுத்த நெல் பருவங்களான சம்பா, தாளடியின் பணம் வருவது தைக்குப் பிறகு. அப்போது பிள்ளைகள் பொதுத்தேர்வை எழுதிக்கொண்டிருப்பார்கள். தேவை வரும் மாதமும் பணம் வரும் மாதமும் இங்கே ஒன்றாக அமைவதில்லை.

நிறுவனங்களின் நாள்காட்டி வேறு. தீபாவளியை ஒட்டிய இணையப் பெருவிற்பனைகளைக் கணக்கிட்டே பல மலிவு விலைக் கருவிகள் செப்டம்பர், அக்டோபரில் இறக்கப்படுகின்றன. குறுவைப் பணம் கையில் இருக்கும் அதே வாரங்கள் அவை என்பதால், நான்கு மாதம் ஒத்திப்போட்ட தேவை முழுவதும் ஒரே மூச்சில் விளம்பரத்தின் முன்னே வந்து நிற்கிறது. பிள்ளைக்கு வாங்கித் தர முடியவில்லையே என்று ஜூனிலிருந்து மனத்துக்குள் வைத்திருந்த தகப்பன், "இன்று நள்ளிரவு வரை மட்டும்" என்ற வரியைப் பார்த்தால் நிதானிப்பது கடினம். அந்த அவசரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஜூனிலேயே தேவையை எழுதிவைத்துவிடுங்கள் என்று மட்டும் சொல்வேன்: என்ன பாடம், எந்த ஆப், வீட்டில் வைஃபை உண்டா, எவ்வளவு பணம். அக்டோபரில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்து, வந்திருக்கும் கருவி அதற்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிது.

கேள்வி: "8 ஜிபி ராம்" என்று போட்டிருக்கிறது, கடையில் 4 ஜிபி என்கிறார்கள். எது சரி?

இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். உண்மையான ராம் 4 ஜிபி. மீதி 4 ஜிபி சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்குவது. அந்தக் கடன் பகுதி உண்மையான ராமின் வேகத்துக்கு அருகில்கூட வராது. சேமிப்பிடமும் அந்த அளவுக்குக் குறையும். ராமின் அளவில் கூட்டல் குறி இருந்தால் அதற்கு முன்னால் உள்ள எண்ணை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்; "8 ஜிபி வரை" என்று இருந்தால் அது கடனையும் சேர்த்த எண் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 64 ஜிபி சேமிப்பகம் என்றால் கருவியின் கணக்கில் அது 59 சொச்சமாகத் தெரியும்; இயங்குதளம் எடுத்துக்கொண்டது போக இன்னும் குறையும். இதில் ஏமாற்று இல்லை, இரண்டு விதமாக எண்ணுவதால் வரும் வேறுபாடுதான்.

கேள்வி: பள்ளிப் பாடப் புத்தகத்தைப் படிக்க எந்த அளவுத் திரை போதும்?

இந்தக் கேள்விக்கு ஒரு நாள் கடையில் நடந்ததையே பதிலாகச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவும் பிளஸ் ஒன் படிக்கும் மகளும் வந்திருந்தார்கள். பத்து அங்குலத் திரை, விளம்பரம் பலமாக வந்துகொண்டிருந்த கருவி. அந்தப் பெண் வேறு எதையும் திறக்காமல், தன் பெரியப்பா மகன் பென்டிரைவில் ஏற்றித் தந்திருந்த பதினோராம் வகுப்பு இயற்பியல் பாடநூலின் பிடிஎஃப் கோப்பைத் திறக்கச் சொன்னாள். பக்கத்தைத் தள்ளினால் முதலில் வெள்ளைக் கட்டங்கள்தான் வந்தன. எழுத்துகள் ஒவ்வொரு கட்டமாக நிரம்புவதற்கு, அவள் வாய்க்குள் எண்ணியபடி, ஐந்து ஆறு விநாடிகள் ஆயின. இரண்டு விரலால் பெரிதாக்கினாள். மீண்டும் வெள்ளைக் கட்டங்கள். பெரிதாக்காமல் படித்தால் சூத்திரங்களில் கீழே வரும் குறியெண்கள் மங்கின. "இதுல ணகரமா னகரமான்னே தெரியலைம்மா, அண்ணே வேற காட்டுங்க" என்றாள். அன்று அவர்களுக்குப் பொருந்தியது, விளம்பரமே இல்லாமல் இருந்த, முந்தைய ஆண்டு வந்த ஒரு கருவி.

அந்தப் பெண் பார்த்ததற்குக் கணக்கு உண்டு. பத்து அங்குலத் திரையில் 1280க்கு 800 புள்ளிகள் என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 150 புள்ளிகள்தான். பதினோரு அங்குலத்தில் 1920க்கு 1200 என்றால் 200க்கு மேல். தமிழ் எழுத்துகளின் சுழிகளுக்கு அந்த வேறுபாடு மிகப் பெரியது. அதேபோல 8.7 அங்குலத்துக்கும் 11 அங்குலத்துக்கும் இடையே காகிதத்தில் சுமார் இரண்டே கால் அங்குலம்தான் என்று தோன்றும். ஒரே வடிவத் திரைகளாக இருந்தால் பரப்பில் பதினோரு அங்குலம் ஏறத்தாழ ஒன்றரை மடங்குக்கும் கூடுதல். காணொளிப் பாடத்துக்குச் சிறிய திரை போதும். பாடநூல் படிக்க வேண்டுமென்றால் பெரியதையே பாருங்கள். பிள்ளையைக் கூடவே அழைத்து வாருங்கள்; நம்மைவிட அவர்களுக்கு எதைச் சோதிக்க வேண்டும் என்று தெரிகிறது.

கேள்வி: யூடியூபில் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்களே?

அறிமுக நாளன்று ஒரே நேரத்தில் வெளியாகும் காணொளிகளில் பெரும்பாலானவை நிறுவனம் முன்கூட்டியே அனுப்பிவைத்த கருவியை வைத்து எடுக்கப்பட்டவை. பெட்டியைப் பிரிப்பதைக் காட்டுவது வேறு, மூன்று மாதம் வைத்துப் பயன்படுத்திச் சொல்வது வேறு. பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு பேசுபவர்கள் அதை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு நெறிமுறைகள் விதிக்கின்றன. காணொளியின் ஓரத்தில் "கட்டண விளம்பரம்" என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படி எழுதியிருந்தால் அவர் நேர்மையாகச் சொல்லிவிட்டார் என்று எடுத்துக்கொண்டு, விளம்பரமாகவே அதைப் பார்க்கலாம்.

கேள்வி: இணையத்தில் வாங்குவதா, ஊரில் வாங்குவதா?

நான் சொல்லும் பதிலில் என் நலனும் கலந்திருக்கும் என்பதால், பழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மலிவு விலைக் கைக்கணினிகளில் எங்கள் மேசைக்கு அதிகமாக வருவது சார்ஜர் வயரைச் செருகும் இடம் தளர்ந்துபோன கருவிகள். ஒரு பையன் கொண்டுவந்த கருவியில் வயர் நழுவாமல் இருக்க இரண்டு ரப்பர் பேண்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கியிருந்தான். திரையின் நடுவே அந்தக் கறுப்புப் பட்டை ஓடியது, அதற்கு இருபுறமும்தான் அவன் படித்துக்கொண்டிருந்தான். வாரண்டி இருந்தது. ஆனால் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் எங்கள் மாவட்டத்திலேயே இல்லை. கூரியரில் அனுப்பித் திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று தொலைபேசியில் யாரும் உறுதி சொல்லவில்லை. தேர்வு நெருங்கியதால் ரப்பர் பேண்டே போதும் என்று வைத்துக்கொண்டான்.

எங்கே வாங்கினாலும், வாங்குவதற்கு முன் நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் ஊரின் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டு அருகில் சர்வீஸ் சென்டர் எங்கே என்று பாருங்கள். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருந்தால் காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பிவிடலாம். திருச்சி என்றால் ஒரு நாள் கூலி போகும். சென்னை என்றால், விலையில் ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் வேறு கருவியைப் பார்ப்பது நல்லது.

கேள்வி: சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் வாங்கி வந்தால் மலிவாகுமா?

மன்னார்குடி, கூத்தாநல்லூர், நாகூர்ப் பக்கம் இது வழக்கம்தான். பல நிறுவனங்களில் வாரண்டி வாங்கிய நாட்டில் மட்டுமே செல்லும். சிம் போடும் வகை என்றால் இந்திய அலைவரிசைகளுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள கருவி என்றால் இந்த இரண்டாவது கவலை இல்லை.

கேள்வி: சிம் போடும் வகை அவசியமா?

வீட்டில் ஒரு ஸ்மார்ட்போன் எப்போதும் இருக்குமானால் அதன் ஹாட்ஸ்பாட்டே போதும். அந்தப் போன் பகல் முழுவதும் வெளியே போய்விடும் என்றால் சிம் வகையே வாங்குங்கள்.

கேள்வி: அரசே தருகிறதே, நாம் ஏன் வாங்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எங்கள் கடை வேலையையே மாற்றியது. முதன்முதலாக ஒரு கணினியை வீட்டுக்குக் கொண்டுபோன குடும்பங்கள் இந்த டெல்டாவில் ஏராளம். 2025 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் பிள்ளை அந்தத் தகுதிக்குள் வருமானால், கல்லூரியில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வரை பொறுத்திருங்கள். பள்ளிப் பிள்ளைக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: முன்பதிவுக்குப் பணம் கட்டிவிட்டேன். கருவி வரவில்லை, அல்லது வேறு விலை சொல்கிறார்கள். என்ன செய்வது?

முதலில் ஆதாரத்தைச் சேருங்கள்: விளம்பரத்தின் படம், பணம் கட்டிய ரசீது, வந்த குறுஞ்செய்திகள். சொன்ன விலையில் கொடுக்கும் அளவுக்குச் சரக்கே இல்லாமல் ஆசை காட்டி அழைப்பதைத் தூண்டில் விளம்பரம் என்று 2022 நெறிமுறைகள் வரையறுத்திருக்கின்றன. சரக்கு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும். தவறான விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம்.

இணைய வணிக நிறுவனத்துக்குக் குறைதீர் அலுவலர் ஒருவர் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் அவர் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு விதி. அங்கே நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் பலன் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தந்த பெரிய வசதி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். பத்தாயிரம் ரூபாய்க்கு யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பத்தாயிரம் எத்தனை மூட்டை நெல் என்று கணக்குப் பார்த்த பிறகு விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அறிமுகமான எத்தனை நாள் கழித்து வாங்கலாம்?

ஆறு வாரம் பொறுங்கள் என்பது என் கருத்து. முதலில் வாங்கியவர்கள் சார்ஜ், சூடு, வேகம் பற்றி எழுதத் தொடங்கியிருப்பார்கள். முதல் மென்பொருள் திருத்தமும் பெரும்பாலும் வந்திருக்கும். அறிமுகச் சலுகை போய்விடுமே என்று கேட்பார்கள். சில நேரம் போகும். பல நேரம் பொங்கல், குடியரசு தின விற்பனையில் வேறு பெயரில் திரும்பி வருகிறது. பிள்ளைக்கு அடுத்த வாரமே இணைய வகுப்பு தொடங்குகிறது என்றால் மட்டும் காத்திருக்க வேண்டாம். சென்ற ஆண்டு வந்து, பலர் கையில் தேறிய கருவி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் கடையில் இல்லாவிட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்கிறேன்.

(திருத்தமோ புதிய கேள்வியோ வந்தால் இந்தப் பக்கத்திலேயே சேர்க்கப்படும்.)